தகப்பனார் இருக்கிறார், ஆனால் வருவதில்லை: தத்துக் கோப்பு நிற்கும் இடம்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். மண்டபத்துக்கு அருகே வசிக்கும் நீங்களும் உங்கள் துணைவியாரும், தாயை இழந்த ஒரு பெண் குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பு ஏற்பாட்டின்கீழ் இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக உங்கள் வீட்டில் வைத்து வளர்க்கிறீர்கள். குழந்தைக்கு இப்போது பத்து வயது. தகப்பனார் கேரளக் கரையில் விசைப்படகு வேலைக்குப் போனவர். அதன் பிறகு குழந்தையைப் பார்க்க வரவே இல்லை. தனியாக வளர்க்க முடியாமல் குழந்தையை இல்லத்தில் கொண்டுவந்து விட்டவர் அப்பத்தா. இப்போது நீங்கள் முறைப்படி தத்தெடுக்க விரும்புகிறீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் கோப்பு, இத்தகைய குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவில் இருப்பதாகவும், நலக் குழுவில் கேட்டால் காவல் நிலைய அறிக்கை வரவில்லை என்றும், காவல் நிலையத்தில் கேட்டால் அப்படி ஒரு கடிதமே தங்களுக்கு வரவில்லை என்றும் சொல்கிறார்கள். இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தை முழுவதும் படித்தபோது, இந்தக் காத்திருப்பில் சட்டம் விதித்தது எவ்வளவு, மேசையில் தூங்குவது எவ்வளவு, உங்கள் கையில் இருப்பது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றியது. அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் சமூகப் பணி படித்துவிட்டு, தென்மாவட்டங்களில், பெரும்பாலும் இந்தக் கரையோரத்தில், தத்தெடுக்கும் பெற்றோருக்கான வீட்டாய்வு அறிக்கைகளை எழுதியும் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளின் குடும்பப் பின்னணியை விசாரித்தும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். வழக்கறிஞன் அல்லன். உங்கள் குழந்தையின் கோப்பை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது, அது இரகசியம் காக்கப்பட வேண்டிய ஆவணம். ஆகவே சட்டத்தில் எழுதியிருப்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் கோப்பு எங்கே நிற்கிறது என்பது, நீங்கள் தந்த விவரங்களை வைத்து நான் செய்யும் ஊகம் மட்டுமே.

தத்தெடுக்க விரும்புகிறவர்கள் எல்லோரும் தங்கள் சொந்தக் காகிதங்களையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். வருமானச் சான்று, மருத்துவச் சான்று, திருமணப் பதிவு, இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம் என்று நீங்களும் ஒரு கோப்பைத் தயாரித்து வைத்திருக்கிறீர்கள். கைக்குழந்தை என்றால் அது போதும், பிறகு வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். வளர்ந்த குழந்தை விஷயத்தில் தாமதமாவது பெரும்பாலும் குழந்தையின் கோப்பு. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 38ஆவது பிரிவின்படி, குழந்தைகள் நலக் குழுவின் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து, இந்தக் குழந்தை தத்துக்குச் சட்டப்படி விடுவிக்கப்பட்ட குழந்தை என்று அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு இல்லாத வரை உங்கள் வருமானச் சான்றை எத்தனை முறை புதுப்பித்தாலும் எதுவும் நகராது. வளர்ப்புப் பராமரிப்பு என்பது தற்காலிக ஏற்பாடு. அதில் எத்தனை ஆண்டு கழிந்தாலும் குழந்தை தானாகத் தத்துக்கு உரியதாகிவிடுவதில்லை. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிகள், வளர்ப்புக் குடும்பம் அதே குழந்தையைத் தத்தெடுப்பதற்கான காலத்தை ஐந்து ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைத்தன என்பது உண்மை. இரண்டு ஆண்டை நீங்கள் தாண்டிவிட்டீர்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சலுகை சட்டப்படி விடுவிக்கப்பட்ட குழந்தைக்கே பொருந்தும்.

அப்படியானால் விடுவிப்பு ஏன் நடக்கவில்லை? இந்தக் கரையில் நான் பார்த்த வளர்ந்த குழந்தைகளின் கோப்புகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் நின்றன. தகப்பன் செத்தவரும் இல்லை, ஒப்படைத்தவரும் இல்லை, காணாமல் போனவரும் இல்லை. சட்டத்தில் மூன்று கதவுகள் உண்டு. பெற்றோர் இருவரும் இறந்திருந்தால் அநாதைக் குழந்தை. பெற்றோரே நலக் குழுவின் முன் வந்து கையெழுத்திட்டால் ஒப்படைக்கப்பட்ட குழந்தை. அவர்கள் மனம் மாறுவதற்கு இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். பெற்றோரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கைவிடப்பட்ட குழந்தை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, குழுவின் முன் கொண்டுவரப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் விடுவிப்பு அறிவிக்கப்பட வேண்டும். உங்கள் குழந்தையின் தகப்பனார் இந்த மூன்றில் எதற்குள்ளும் வராமல் வெளியே நிற்கிறார். அப்பத்தா ஒப்படைத்தாரே என்று நீங்கள் கேட்கலாம். பெற்றோர் அல்லாத உறவினர் கொண்டுவந்து விட்டால் அதைக் கைவிடப்பட்ட குழந்தையாகவே கருதி, பெற்றோரைத் தேடும் விசாரணையை நடத்த வேண்டும் என்பதுதான் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் நிலை. இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அப்பத்தா தகப்பனாரின் தாய். மகன் எங்கே இருக்கிறான் என்று தாய்க்குத் தெரியாமல் இருக்குமா என்று குழு உறுப்பினர் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார், கேட்கவும் வேண்டும். அப்பத்தா ஒரு விசாரணையில் "எப்பவாவது போன் போடுவான்" என்றும், அடுத்ததில் "எங்க இருக்கான்னே தெரியலய்யா" என்றும் சொல்லியிருந்தால், அந்த இரண்டு வாக்குமூலங்களும் ஒரே கோப்பில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க இயலவில்லை என்று கையெழுத்திட எந்த அதிகாரியும் தயங்குவார். அந்தத் தயக்கத்தை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். நாளைக்குத் தகப்பன் வந்து என் பிள்ளை எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இந்த இடத்தில் உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தகப்பனார் கிடைக்காமல் இருப்பதே நமக்கு நல்லது என்ற எண்ணம் வளர்ப்புப் பெற்றோர் மனத்தில் இயல்பாக வரும், வெளியே சொல்லமாட்டார்கள். நடைமுறையில் அவர் கிடைத்து, குழுவின் முன் வந்து, தன் விருப்பத்தோடு ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடுவதுதான் இருப்பதிலேயே குறுகிய வழி, உறுதியான வழியும் அதுவே. இரண்டு மாத அவகாசம் முடிந்தால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடும். அவர் கிடைக்கவில்லை என்று முறையாகப் பதிவானால் அது இரண்டாவது வழி. இருக்கிறார், ஆனால் வரமாட்டார் என்று ஊர் சொல்லும் நிலைதான் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆகவே குழு அவரை உண்மையாகத் தேட வேண்டும் என்று நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் வந்து, குழந்தையை நானே வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டால்? அது நடக்கலாம். பெற்ற குடும்பத்தோடு சேர்த்துவைப்பதற்கே சட்டம் முதலிடம் தருகிறது. குழந்தையின் விருப்பம், உங்களோடு கழிந்த காலம், தகப்பனாரின் நிலைமை எல்லாவற்றையும் குழு எடைபோடும். தீர்ப்பு எப்படி அமையும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த அச்சத்துக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

எப்போது தேடுவது என்பதில்தான் கரையோர அனுபவம் கைகொடுக்கும். கேரளத்தில் விசைப்படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் மீன்பிடித் தடை. நமது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நீங்கள் சொல்வது போல அவர் கேரளப் படகில்தான் இருக்கிறார் என்றால், சொந்த ஊர்ப்பக்கம் வருவதற்கு அதிக வாய்ப்புள்ள காலம் ஜூன் கடைசியும் ஜூலையும். ஜனவரியில் காவலர் ஒருவர் வீட்டுக்குப் போய், பூட்டிய கதவையோ அப்பத்தாவையோ பார்த்துவிட்டு எழுதும் அறிக்கையை விட, ஜூலையில் போய் எழுதும் அறிக்கைக்குப் பெறுமானம் அதிகம். அப்போதும் அவர் வரவில்லை, அங்குள்ள படகு உரிமையாளரும் தெரியாது என்கிறார், ஊர் மீனவர் சங்கமும் அதையே எழுத்தில் தருகிறது என்றால், கண்டறிய இயலவில்லை என்ற முடிவுக்குக் குழு துணிந்து வரலாம். இதை விளக்கி, தடைக்காலத்தில் விசாரிக்க உத்தரவிடுமாறு ஒரு பக்கத்தில் மனு எழுதிக் குழுவுக்கும் பாதுகாப்பு அலகுக்கும் கொடுங்கள். கடலில் காணாமல் போனவர்களின் கதை இன்னும் கடினமானது. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்று எளிதில் கிடைக்காது, இறந்தவராகக் கருத ஏழு ஆண்டு ஆகும். உங்களுடையது அப்படி இல்லை என்றே தெரிகிறது.

அதே நேரத்தில் நீங்களாகக் கொச்சிக்கோ முனம்பத்துக்கோ கிளம்பிப் போய் அவரைத் தேடாதீர்கள். ஆள் வைத்தும் தேடாதீர்கள். அவர் செலவுக்குக் கேட்டார் என்று ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்துவிட்டால்கூட அந்த ஒப்படைப்பு கறைபட்டுவிடும். பணத்துக்குக் குழந்தையைக் கைமாற்றியதாகப் புகார் வந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த தகவலை, அதாவது படகின் பெயர், உடன் வேலை பார்த்தவரின் ஊர், பழைய செல்பேசி எண் ஆகியவற்றை எழுத்தில் கொடுத்தால் போதும்.

காவல் நிலையத்துக்கும் நலக் குழுவுக்கும் இடையில் கடிதம் காணாமல் போயிருப்பதைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. இதற்குச் சட்டம் காரணமில்லை, தபால்தான் காரணம். நான் பார்த்த ஒரு கோப்பில் காவல் நிலையத்துக்கு எழுதிய கடிதத்தின் அலுவலக நகல் பச்சை நாடாவுக்குள் பத்திரமாக இருந்தது. அதன் ஓரத்தில் இருக்க வேண்டிய அனுப்புகை எண் மட்டும் இல்லை. கடிதம் தட்டச்சாகிக் கையெழுத்தாகியும் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது அறிக்கை வந்ததா என்று மட்டும் இல்லை. கடிதம் எந்த எண்ணில், எந்தத் தேதியில், எந்த நிலையத்துக்கு அனுப்பப்பட்டது என்று கேளுங்கள். உள்ளடக்கத்தைச் சொல்லமாட்டார்கள், சொல்லக் கூடாது. எண்ணையும் தேதியையும் சொல்வதில் தடை எதுவும் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உரிய காலத்துக்குள் காவல் துறை அறிக்கை தராவிட்டால், கண்டறிய இயலவில்லை என்று தந்ததாகவே கொள்ளத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் இடம் தருகின்றன. ஆனால் பெற்றோர் யார் என்றே தெரியாத குழந்தைக்கு இதைப் பயன்படுத்துவது போல, பெயரும் ஊரும் தெரிந்த தகப்பனுக்கும் பயன்படுத்தக் குழு முன்வருமா என்பது ஐயத்துக்குரியது. கேட்டுப் பார்க்கலாம், நம்பியிருக்க வேண்டாம்.

யாரிடம் கேட்பது என்பதில், இளைஞர் நீதிச் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தம் உங்களுக்குச் சாதகமானது. அது 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தத்து ஆணை நீதிமன்றத்தில் பெற வேண்டியதாக இருந்தது. இப்போது மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். யாராவது வழக்கறிஞர் நீதிமன்றத்தில் மனு போடலாம் என்று முன்பணம் கேட்டால், எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள். அதே திருத்தம், நலக் குழுவின் செயல்பாடு குறித்த குறைகளைக் கேட்கும் அதிகாரியாகவும் ஆட்சியரையே வைத்திருக்கிறது. எனவே இராமநாதபுரம் பட்டணம்காத்தானில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுப்பது வெறும் சடங்கு ஆகாது. சட்டப்படியும் அதுதான் உரிய இடம். மனுவில் யாரையும் குற்றம் சாட்டாமல், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது, குழுவில் முடிவெடுக்கத் தேவையான மூன்று உறுப்பினர்கள் இருக்கிறார்களா, அடுத்த படி எப்போது என்று மூன்றே கேள்விகளை மட்டும் எழுதுங்கள். குழு மாதத்துக்குக் குறைந்தது 20 நாள் கூட வேண்டும் என்பது சட்டம். ஆனால் உறுப்பினர் பதவி காலியாக இருந்தால் அமர்வு நடந்தும் இறுதி முடிவு எடுக்க முடியாமல் போகும். இது வெளியே யாருக்கும் தெரிவதில்லை. பாதுகாப்பு அலகில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தப் பணியாளர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோப்பை அறிந்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டால், புதிதாக வந்தவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் சொந்த விண்ணப்பத்தின் நிலையைக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும்; குழந்தையின் விவரங்களைக் கேட்டால் மறுப்பார்கள். என் கருத்தில் அது கடைசியாக எடுக்க வேண்டிய ஆயுதம். நட்பாக இருந்த அலுவலகத்தைத் தற்காப்புக்குத் தள்ளிவிடும்.

நீங்கள் கேள்விப்பட்டதாக எழுதிய மூன்று விஷயங்களுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்கள் தத்தெடுக்க முடியாது, காப்பாளராகத்தான் இருக்க முடியும் என்று ஒருவர் சொன்னது பழைய கதை. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்பதை 2014இல் உச்ச நீதிமன்றம் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தெளிவாக்கியது. இது பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமல்லாமல் கீழக்கரை, தொண்டி முஸ்லிம்களுக்கும் பயன்படும் செய்தி. இரண்டாவது, வயது. தம்பதியின் கூட்டு வயது 110க்குள் இருந்தால் எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கலாம், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் குழந்தைக்கும் 25 ஆண்டு இடைவெளி வேண்டும். உங்கள் இருவரின் வயது 47உம் 43உம் சேர்ந்தால் 90தான். மூன்றாவது, முத்திரைத்தாளில் தத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடலாம் என்ற யோசனை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் உரியவர்கள் நேரடியாகக் கொடுத்து வாங்கும் தத்துக்குத்தான் அப்படிப்பட்ட பத்திரம் உதவும். நலக் குழுவின் பாதுகாப்பில் உள்ள குழந்தைக்கு அது செல்லாது. மீறினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 80ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு இலட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

குழந்தை விடுவிக்கப்பட்ட பிறகு நடப்பவை ஓரளவு நேர்கோட்டில் போகும். மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் உங்கள் பதிவு இருக்க வேண்டும்; வீட்டாய்வு அறிக்கை மூன்று ஆண்டு செல்லும், உங்களுடையது காலாவதி ஆகிவிட்டதா என்று இப்போதே பாருங்கள். விண்ணப்பம் ஆட்சியரிடம் போனால் இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது 61ஆவது பிரிவு. ஆட்சியர் மாற்றம், தேர்தல் வேலை, புயல் எச்சரிக்கை என்று அந்த இரண்டு மாதம் நீண்டதையும் பார்த்திருக்கிறேன். கட்டணம் எதுவானாலும் நிர்ணயிக்கப்பட்டது, வங்கி வழியாக இரசீதுடன் போக வேண்டியது. கையில் கேட்கும் எதையும் கொடுக்காதீர்கள்.

குழந்தையின் வயதும் பெயரும் ஒரு முறை சரிபார்க்கப்பட வேண்டும். இந்தக் கரையில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் இன்னொரு பெயர், ஆதாரில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்பது சாதாரணம். பிறந்த தேதியும் அப்படித்தான். வயதைத் தீர்மானிக்க 94ஆவது பிரிவு முதலில் பள்ளிச் சான்றையும், அது இல்லாதபோது உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்றையும், இரண்டும் இல்லாதபோதே மருத்துவப் பரிசோதனையையும் பார்க்கச் சொல்கிறது. கோப்பில் எந்தத் தேதி ஏறியிருக்கிறது என்று பாதுகாப்பு அலகில் கேட்டு, முரண் இருந்தால் விடுவிப்பு ஆணைக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். ஆணையில் ஏறிவிட்ட பிழையைப் பின்னால் திருத்துவது பெரும்பாடு.

பத்து வயதுக் குழந்தையின் விருப்பத்தைக் கேட்காமல் ஆணை பிறப்பிக்க முடியாது. கேட்கும்போது சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து கொடுக்காதீர்கள். அனுபவமுள்ள எவரும் இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அவளுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. உங்கள் கடிதத்தின் கடைசியில், "அப்பா வந்துட்டா என்னை அனுப்பிருவீங்களா?" என்று அவள் உங்கள் துணைவியாரிடம் கேட்டதையும், நீங்கள் பேச்சை மாற்றிவிட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். பேச்சை மாற்றாதீர்கள். அனுப்பமாட்டோம் என்று சத்தியமும் செய்யாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. பெரியவர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து பேசுவார்கள், உன்னையும் கேட்பார்கள், நீ நினைப்பதைச் சொல்லலாம், நாங்கள் உன்னை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்பதையும் சொல்வோம் என்ற அளவுக்குச் சொன்னால் பத்து வயதுக்குப் புரியும். அப்பத்தாவைப் பார்க்கக் கூட்டிப்போவதை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தத்து ஆணைக்குப் பின் பிறந்த குடும்பத்தோடு சட்ட உறவு அற்றுப்போகும் என்பது சரிதான். சட்ட உறவு அற்றால் அன்பும் அற்றுப்போக வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் எழுதியில்லை. பாதுகாப்பு அலகுக்குத் தெரியப்படுத்திவிட்டு மாதத்தில் ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டிப்போங்கள். அது கோப்பைக் கெடுக்கும் என்று சிலர் அஞ்சுவார்கள். நான் அறிந்தவரை அது உங்களுக்குச் சாதகமாகவே பதிவாகும்.

ஒன்றை மட்டும் உடனே செய்யுங்கள். இந்தக் கல்வியாண்டில் பள்ளியில் குழந்தையின் பெயருக்கு முன் உங்கள் முதலெழுத்தைப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசையில் செய்தது என்று புரிகிறது, ஆனால் ஆணைக்கு முன் அது தவறான பதிவு. விசாரணைக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத்தளமான எமிஸ் பதிவில் பழையபடி மாற்றச் சொல்லுங்கள். ஆணை வந்ததும் அதைக் காட்டி உங்களைப் பெற்றோராகக் குறிப்பிடும் புதிய பிறப்புச் சான்று வாங்கலாம், பள்ளிப் பதிவையும் ஆதாரையும் அதைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம்.